எந்தக் குடும்பத்தின் வழியாக வந்தது?

(மருத்துவமனையின் ஆதரவாளர் கூடுகையில் எங்கள் சாப்ளின் ஆற்றிய உரை)



கட்டட வேலைகளைப் பற்றி மருத்துவக் கண்காணிப்பாளரும், வரவு செலவைப் பற்றிப் பொருளாளரும் உங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். சாப்ளின் ஊழியத்தில் இருக்கிற எங்களுக்கு எண்ணிக்கை சொல்லும் வேலை இல்லை. வார்டில், கட்டிலுக்குப் பக்கத்தில், டாக்டர்கள் போன பிறகு மக்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை மட்டும் எங்களால் சொல்ல முடியும். அப்படி நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற ஒரு கேள்வியை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

பிள்ளைகள் வார்டில் ஒன்பது வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி சேர்க்கப்பட்டாள். மூன்று வாரமாக அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைப்பு. பிறகு வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு கீழ்மூச்சு. இரத்தத்தில் சர்க்கரை மிக அதிகமாய் இருந்தது. இரண்டு நாள் சலைன், இன்சுலின் எல்லாம் கொடுத்தபின் பிள்ளை கண் திறந்து பேசினாள். அன்று சாயங்காலம் நாங்கள் பார்க்கப் போனபோது பாட்டியம்மா வராந்தாவில் எங்களை நிறுத்தினார்கள்.

"ஐயா, எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் சின்ன வயசுல சர்க்கரை வந்தது கிடையாது. இவ அம்மா வீட்டு வழியாத்தான் வந்திருக்கு. நீங்களே சொல்லுங்க" என்றார்கள்.

உள்ளே அந்த மருமகள் பிள்ளையின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். இது அவள் காதில் விழாமல் இருக்க வழியில்லை. அவள் தலை நிமிரவே இல்லை.

நண்பர்களே, இந்தக் கேள்வியை நாம் லேசாக எண்ணிவிடக்கூடாது. வியாதி எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு குடும்பம் என்ன நம்புகிறதோ, அதைப் பொறுத்தே அவர்கள் மருந்து தேடும் இடமும் அமைகிறது. இதை நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் சொந்தத் தவறினால் கற்றுக்கொண்டோம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தகப்பன் இதே வியாதியோடு தன் மகனைக் கொண்டுவந்தார். வீட்டுக்கு அனுப்புகிற நாளில், "ஐயா, ஏன் எங்களுக்கு இப்படி?" என்று எங்களைக் கேட்டார். எங்களுக்கு இந்த வியாதியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "எல்லாம் தேவசித்தம்" என்று சொல்லி, ஜெபித்து அனுப்பிவிட்டோம். தாம் செய்த ஏதோ ஒரு பிழைக்கு வந்த தண்டனை இது என்று அவர் அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டார். தண்டனைக்கு ஊசி மருந்தாகுமா? உபவாசமும் பொருத்தனையும்தான் மருந்து என்று முடிவு செய்து ஊசியை நிறுத்திவிட்டார். நான்காம் நாள் இரவு பிள்ளையை நினைவில்லாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விடியுமுன் அவன் இறந்துபோனான்.

அந்தப் பிள்ளையை அடக்கம் செய்த பின்புதான் நாங்கள் எங்கள் டாக்டரிடம் போய் உட்கார்ந்து, "எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்டோம். அன்று தொடங்கி, புதிதாய்த் தெரிய வருவதையும் சேர்த்துக் கேட்டுக் கற்றதையே இப்போது உங்களுக்குச் சொல்கிறோம். உங்கள் ஊரில், உங்கள் சபையில், உங்கள் உறவில் இந்தக் கேள்வி எழும்பும்போது நீங்கள் பதில் சொல்ல வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

முதலாவது, பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை வியாதி வேறு, இது வேறு. பெரியவர்கள் பலருக்கு இன்சுலின் சுரக்கும். அது சரியாய் வேலை செய்யாது, போதாமலும் போகும். இந்தப் பிள்ளைகளுக்கோ இன்சுலினைச் சுரக்கும் செல்களே அழிந்துபோகின்றன. கணையத்தில் சிறு சிறு தீவுகளைப் போல ஒரு திசு உண்டு. பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானியர், மருத்துவ மாணவராய் இருந்தபோதே 1869-இல் அதை எழுதி வைத்தார். அந்தத் தீவுகளில் உள்ள பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் சுரக்கின்றன.

அவற்றை அழிப்பது யார்? 1965-இல் பெல்ஜியம் நாட்டு மருத்துவர் வில்லி கெப்ட்ஸ், இந்த வியாதி தொடங்கிய சிறிது காலத்திலேயே இறந்துபோன இளவயதினரின் கணையத்தைப் பரிசோதித்தார். பலருடைய தீவுகளுக்குள் வெள்ளை அணுக்கள் கூட்டமாய்ப் புகுந்திருந்தன. கிருமியை எதிர்க்க வேண்டிய காவலர்கள் சொந்த வீட்டுக்குள்ளேயே புகுந்திருந்தார்கள். 1974-இல் லண்டனில் பொட்டாட்சோ, டோனியாக் முதலானோர், இந்தத் தீவுகளைக் குறிவைக்கும் எதிர்ப்புப் புரதங்கள் நோயாளிகளின் இரத்தத்தில் இருப்பதைக் கண்டார்கள். சரீரமே தன் சரீரத்தைத் தாக்குகிற வியாதி இது என்று அப்போது தெளிவாயிற்று.

இந்தத் தாக்குதலில் முன்நிற்பவை டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள். அவை எலும்பு மஜ்ஜையில் தோன்றி, நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் என்ற சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. தைமஸை ஒரு பள்ளிக்கூடமாக எண்ணிக்கொள்ளுங்கள். சரீரத்தின் சொந்தப் புரதங்களை அங்கே காட்டுகிறார்கள். சொந்தத்தைக் கண்டு பாய்கிற செல்கள் பெரும்பாலும் அங்கேயே ஒழிக்கப்படுகின்றன. சில தப்பிவிடும். அது நம் எல்லாருக்கும் உள்ளதுதான். தப்பியவற்றை அடக்கி வைப்பதற்கென்று வேறொரு வகை டி செல்கள் உண்டு. இந்த அடக்கும் செல்களைப் பற்றிய கண்டுபிடிப்புக்காகவே 2025-இல் மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

இனி வம்சத்துக்கு வருவோம். பாட்டியம்மாவின் கேள்வியில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. இந்தக் காவலர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதில் மரபணுக்களுக்குப் பங்கு உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய பங்கு எச்.எல்.ஏ. என்னும் மரபணுக்களுக்கு. அவை ஆறாவது குரோமோசோமில் இருக்கின்றன. அவை உண்டாக்கும் புரதங்கள் தட்டுப் போன்றவை. செல்கள் புரதத் துணுக்குகளை அந்தத் தட்டில் வைத்து டி செல்லுக்குக் காட்டும். தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். டி.ஆர்.3, டி.ஆர்.4 என்று பெயரிட்ட வகைகள் உள்ளவர்களுக்கு இந்த வியாதி வரும் வாய்ப்பு அதிகம். அந்த வகைகளோடு கூடவே வரும் டி.க்யூ. என்ற தட்டில், 57-ஆவது இடத்தில் உள்ள ஒரே ஓர் அமினோ அமிலம் வியாதியின் வாய்ப்போடு சம்பந்தப்பட்டது என்று 1987-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஒரு துணுக்கு தட்டில் எப்படி உட்காருகிறது என்பதே அதனால் மாறிவிடுகிறது. மரபு வழியாய் வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி இந்த எச்.எல்.ஏ. பகுதியைச் சேர்ந்தது.

இரண்டாவது, பதினோராம் குரோமோசோமில் உள்ள இன்சுலின் மரபணு. அதன் ஒரு வகை உள்ளவர்களுக்குத் தைமஸ் பள்ளிக்கூடத்தில் இன்சுலின் அதிகமாய்க் காட்டப்படுகிறது. அதனால் இன்சுலினைத் தாக்கக்கூடிய டி செல்கள் அங்கேயே நன்றாய்க் களையப்படுகின்றன. மற்ற வகை உள்ளவர்களுக்குப் பாடம் சற்றுக் குறைகிறது. மூன்றாவது, டி செல்லின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிரேக் போன்ற மரபணுக்கள். பி.டி.பி.என்.22 என்ற ஒன்றின் மாற்றத்தை 2004-இல் கண்டுபிடித்தார்கள். சி.டி.எல்.ஏ.4 இன்னொன்று. ஐ.எல்.2.ஆர்.ஏ. என்பது, அடக்கும் செல்களுக்கு வேண்டிய செய்தியை வாங்கிக்கொள்ளும் வாசலைச் சேர்ந்தது. இப்படி 60-க்கும் மேற்பட்ட இடங்களை இன்று அறிந்திருக்கிறார்கள். அவற்றில் மிகுதியானவை புரதத்தையே மாற்றுகிறவை அல்ல. வெள்ளை அணுக்களுக்குள் ஒரு மரபணு எவ்வளவு வேலை செய்யவேண்டும் என்று கூட்டிக் குறைக்கிற இடங்களில் அவை இருக்கின்றன.

இந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சத்தாரிடம் எடுக்கப்பட்டவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளில் டி.ஆர்.3 முன்நிற்கிறது. பி.டி.பி.என்.22 மாற்றமோ ஐரோப்பாவில் சாதாரணம், ஆசியாவில் அரிது. ஆகவே அவர்களுடைய கணக்கை அப்படியே நம்மேல் வைத்துப் பார்ப்பது சரியாகாது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் பாட்டியம்மா சொன்னது சரிதானே?" என்று டாக்டரைக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு நான்கு காரியங்களைச் சொன்னார்.

ஒன்று. இந்த வியாதி வருகிற பிள்ளைகளில் 100-க்கு 85-க்கும் மேற்பட்டோருடைய நெருங்கிய குடும்பத்தில் வேறு யாருக்கும் இது கிடையாது. "எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லையே" என்பது எந்த வீட்டையும் குற்றவாளி ஆக்குவதில்லை. வீடுகளில் பெரும்பாலானவை அப்படித்தான்.

இரண்டு. தாய் ஒரு பாதி, தகப்பன் ஒரு பாதி கொடுத்துத்தான் பிள்ளை பிறக்கிறது. மிகுந்த அபாயமுள்ள கூட்டு, ஒரு பக்கத்திலிருந்து டி.ஆர்.3, மறு பக்கத்திலிருந்து டி.ஆர்.4 வந்து சேர்வதுதான். இரண்டு வீடும் சேர்ந்து கொடுத்ததை ஒரு வீட்டின் கணக்கில் எழுதலாமா? மேலும், இந்த வியாதி உள்ள தாய்மாரின் பிள்ளைகளைவிட, வியாதி உள்ள தகப்பன்மாரின் பிள்ளைகளுக்கே இது வரும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. தாயின் மேலேயே பழி போடுகிற நம் வழக்கத்துக்கு இது எதிராய் நிற்கிறது.

மூன்று. அந்த மிகுந்த அபாயமுள்ள கூட்டோடு பிறந்த ஐரோப்பியப் பிள்ளைகள் 20 பேரை எடுத்தால், வியாதி வருவது ஏறக்குறைய ஒருவருக்குத்தான். ஒரே கருவில் உண்டான இரட்டையருக்கு மரபணுக்கள் எல்லாம் ஒன்றே. அவர்களில் ஒருவருக்கு இந்த வியாதி வந்தால் மற்றவருக்கும் வருவது 100-க்கு 30 முதல் 50 வரை என்று பல ஆய்வுகள் கண்டன. பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தால் அந்த எண் இன்னும் ஏறுகிறது. ஆனாலும் எல்லா இரட்டையருக்கும் வருவதில்லை. மரபணு மட்டும் காரணமாய் இருந்தால் அப்படி இருக்காது.

நான்கு. இந்த வியாதி உலகிலேயே அதிகமாய்க் காணப்படும் நாடு பின்லாந்து. அதை அடுத்து எல்லைக்கு அப்பால் ரஷ்யாவின் கரேலியா இருக்கிறது. இரு பக்கத்து மக்களிடமும் அபாயமுள்ள எச்.எல்.ஏ. வகைகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றன. ஆனால் 1990-களில் பின்லாந்துப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த வியாதி ஏறக்குறைய ஆறு மடங்கு அதிகமாய் வந்தது. பின்லாந்திலேயே 1950-களிலிருந்து 2005-க்குள் வியாதி ஐந்து மடங்கு பெருகிற்று. இரண்டு தலைமுறைக்குள் ஒரு ஜனத்தின் மரபணு அவ்வளவு மாறாது. சுற்றியுள்ள ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

அது என்னவென்று அறியவே அந்த நாட்டார் 1994 முதல், பெற்றோரின் சம்மதத்தோடு, பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் எச்.எல்.ஏ. வகையைப் பார்த்து, அபாயமுள்ள பிள்ளைகளை வளர வளரக் கவனித்து வருகிறார்கள். பின்பு 2004 முதல் 2010 வரை அமெரிக்கா, பின்லாந்து, ஜெர்மனி, சுவீடன் நாடுகள் சேர்ந்து, டெடி என்ற ஆய்வுக்காக நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்து, 8,000-க்கும் அதிகமானோரைப் பின்தொடர்ந்தன. பீட்டா செல்களுக்கு விரோதமான எதிர்ப்புப் புரதம் பல பிள்ளைகளுக்கு இரண்டு வயதுக்குள்ளேயே தோன்றிவிடுகிறது என்று அதில் கண்டார்கள். நீண்ட நாள் குடலில் தங்கும் சில என்டிரோவைரஸ் தொற்றுகளுக்கு இதில் தொடர்பு இருப்பதாக 2019-இல் வெளியிட்டார்கள். ஆனாலும் ஒரே காரணம் என்று சுட்டிக்காட்டும்படி ஒன்றும் இதுவரை அகப்படவில்லை.

இத்தனை நாடுகள் கூடி, இத்தனை ஆண்டுகள் தேடியும் குற்றவாளி அகப்படவில்லை. வராந்தாவில் நின்றுகொண்டு ஒரு மருமகளைக் குற்றவாளி என்று நாம் தீர்ப்புச் சொல்லலாமா? பிறவிக் குருடனைக் குறித்து, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, ஆண்டவர் அவன்மேலும் பழி போடவில்லை, அவனைப் பெற்றவர்கள்மேலும் பழி போடவில்லை. செமினரியில் அந்தப் பகுதியை எத்தனையோ முறை படித்தோம். அதன் அர்த்தம் பிள்ளைகள் வார்டில்தான் எங்களுக்கு உறைத்தது.

மரபணுவை அறிந்ததனால் பிரயோஜனம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பிரயோஜனம் உண்டு. வியாதி வெளியே தெரியுமுன் உள்ளே நடப்பதை இன்று இரத்தப் பரிசோதனையில் காணலாம். அபாயமுள்ள பிள்ளைகளிடம் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எதிர்ப்புப் புரதங்கள் தோன்றினால், பத்து ஆண்டுக்குள் 100-க்கு ஏறக்குறைய 70 பேருக்கு வியாதி வெளிப்படுகிறது என்று 2013-இல் கண்டார்கள். அந்த நிலையில் டி செல்களைத் தணிக்கும் டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு 2022 நவம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 2019-இல் வெளியான ஆய்வில் அந்த மருந்து, வியாதி வெளிப்படுவதை ஏறக்குறைய இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டது. இரண்டு ஆண்டு என்பது சிறிதாய்த் தோன்றலாம். ஊசி தொடங்குவது இரண்டு ஆண்டு தள்ளிப்போவதால் உண்டாகும் வித்தியாசம் ஒரு தாய்க்குத் தெரியும். ஆனால் அது மிகவும் விலையுயர்ந்த மருந்து. அது வியாதியைத் தள்ளிப்போடுகிறதே தவிரக் குணமாக்குவதில்லை.

ஆகையால் வியாதி வந்துவிட்ட பிள்ளையின் உயிரைக் காப்பது இன்றும் இன்சுலின்தான். 1922 ஜனவரி 11-ஆம் தேதி, கனடாவின் டொரான்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அதை முதன்முதல் போட்டார்கள். முதல் ஊசி சரிவரவில்லை. காலிப் என்பவர் மருந்தைச் சுத்திகரித்துக் கொடுத்தார், 23-ஆம் தேதி மறுபடியும் போட்டார்கள், சர்க்கரை இறங்கிற்று. அதற்கு முன் இந்த வியாதி வந்த பிள்ளைகளுக்குப் பட்டினிதான் சிகிச்சை. சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டிலோ மரித்துப்போனார்கள். அந்தப் பையன் அதற்குப் பிறகு 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இன்று ஒழுங்காய் ஊசி போட்டு, சர்க்கரையைப் பார்த்து வருகிறவர்கள் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள், பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள்.

இப்போது எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிற குடும்பத்துக்கு நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: இனிப்புத் தின்றதால் இது வரவில்லை. தாய் கர்ப்பத்தில் செய்த எதனாலும் வந்ததாகச் சொல்ல முடியாது. யாருக்கும் தண்டனையாக வரவில்லை. இது ஒட்டுவாரொட்டி வியாதியும் இல்லை. ஜெபியுங்கள், நாங்களும் உங்களோடு ஜெபிக்கிறோம். ஆனால் ஒரு நாளும், யார் சொன்னாலும், ஊசியை நிறுத்தாதீர்கள். பிள்ளை சாப்பிட முடியாமல் படுத்திருந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். உடனே எங்களிடம் கொண்டுவாருங்கள். இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம், நாங்கள் அடக்கம் செய்த அந்தப் பையனுடைய முகம் எங்கள் முன் நிற்கிறது.

பாட்டியம்மாவிடமும் இதையெல்லாம் சொன்னோம். தட்டு, பள்ளிக்கூடம், இரட்டையர் எல்லாம் சொன்னோம். அவர்கள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்போ எங்க பக்கமும் பாதி இருக்குன்னு சொல்றீங்க" என்றார்கள். ஆமாம் அம்மா என்றோம். மருமகளிடம் போய் மன்னிப்புக் கேட்டார்கள் என்று சொல்ல எங்களுக்கு ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகிற நாளில், அவர்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லையே, மருந்தை எப்படி வைப்பது என்று நர்ஸம்மா விளக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய மண்பானைக்குள் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானையை வைத்து, அதில் மருந்தை நனையாமல் மூடி வைக்க வேண்டும். மணல் காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். "அதை நான் பாத்துக்கறேன். அவ ஊசி போடட்டும்" என்று பாட்டியம்மா சொன்னார்கள். அப்போதுதான் அந்தத் தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

நண்பர்களே, உங்கள் காணிக்கைகள் இன்சுலினாகவும், ஊசிகளாகவும், சர்க்கரை பார்க்கும் பட்டைகளாகவும் இந்தப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருகின்றன. அதற்காக உங்களுக்கு மனமார நன்றி சொல்கிறோம். இன்னொரு உதவியும் உங்களிடம் கேட்கிறோம். அதற்குப் பணம் வேண்டியதில்லை. எங்கேயாவது ஒரு பிள்ளைக்கு இந்த வியாதி என்று கேள்விப்பட்டு, "எந்தக் குடும்பத்தின் வழியாக வந்தது?" என்று யாராவது கேட்டால், அங்கே சும்மா இராதீர்கள். நீங்கள் இன்று கேட்டதைச் சொல்லுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சொல்லத் தவறியது அதுதான்.